வாய் மூடாத லென்ஸ்

வூகாஷின் ஒரு பல் வைத்தியன். எவன் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாலும் "வாயைத் திற" என்பான். அவனிடம் "வாயை மூடு" என்று சொல்லத்தான் ஊரில் ஆள் இல்லை. அந்தப் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டு வருஷக்கணக்கில் சொல்லிப் பார்த்துவிட்டேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அவன் யாரோ எவனோ என்றால் எப்போதோ என் சாப்பாட்டுக் கடையை விட்டு விரட்டியிருப்பேன். என் கல்யாணத்தில் என் வீட்டுக்காரர் ராதிசாவுக்குத் தோழனாகவும் சாட்சியாகவும் நின்றவன் அவன். அப்படி நின்றவனை எங்கள் மலையில் கூம் என்போம்; அவனுக்கு நான் கூமா. கூடப்பிறந்தவனோடு சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திக்கொள்ளலாம்; கூமோடு முடியாது. "கூம் என்ன பொத்தானா, அறுந்தா வேற தைக்க?" என்பார்கள். ராதிசாவ் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்தப் பொத்தான் மட்டும் என் கழுத்தை நெரித்துக்கொண்டு இருக்கிறது.

அவனிடம் ஒரு லென்ஸ் உண்டு. நானூறு மில்லிமீட்டர், இரண்டு புள்ளி எட்டு. பெற்ற பிள்ளையின் பரீட்சை மார்க்கைச் சொல்கிறவன் போல இந்த இரண்டு எண்களையும் எல்லோரிடமும் சொல்வான். முதல் எண் தூரத்துக்கு. அக்கரையில் குருவி கொட்டாவி விட்டால் அதன் நாக்கு தெரியும். இரண்டாவது எண் லென்ஸின் வாய்க்கு. எண் சின்னதாக ஆக வாய் அகலும், வெளிச்சம் கொட்டும், விடியல் மங்கலிலும் ஓடுகிற மிருகம் படத்தில் அப்படியே நிற்கும். ஆனால் வாய் அகல அகல, குறிவைத்த இடம் மட்டும்தான் கூர்மை. முன்னாலும் பின்னாலும் இருக்கிற எல்லாம் கரைந்துபோகும். அது வேண்டாம் என்றால் எட்டு, பதினொன்று, பதினாறு என்று வாயைச் சுருக்கிக்கொள்ளலாம். இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் கடையில் ஒரே ஒரு கோப்பை ராக்கியாச் சாராயத்தை வாங்கி வைத்துக்கொண்டு அவன் ஓதி ஓதி, சமையலறையில் பூண்டு உரிக்கும்போதுகூடக் காதில் விழுந்து தொலைந்தது.

அந்தக் கரைசலுக்கு அவன் வைத்திருக்கும் பெயர் வெண்ணெய்.

"பின்னாடி பாரு கூமா. வெண்ணெய்! சுத்த வெண்ணெய்!" என்று கேமராவின் திரையை என் மூக்கில் இடிப்பான். படத்தில் ஒரு நாரை நிற்கும். ஆறு இருக்காது.

"நாரை எதுல நிக்குது?"

"அது முக்கியமில்ல."

"நாரைக்கு அதுதானே கூமே முக்கியம்?"

"உனக்கு ரசனை கிடையாது. மீன் வறுக்குறவகிட்ட வந்து காட்டுறேன் பாரு."

"அந்த வாயைக் கொஞ்சம் சுருக்கி எடுத்தா என்ன குறைஞ்சு போகும்? ஆறும் தெரியும்ல?"

"பந்தயக் குதிரையை வாங்கி ஏர்ல பூட்டச் சொல்றியா?"

"குதிரையை வாங்கினா ஏதாவது வேலை வாங்குவேன். மடியில வெச்சுத் தடவிக்கிட்டு இருக்க மாட்டேன்."

தடவுகிறான் என்று நான் சும்மா சொல்லவில்லை. அந்த லென்ஸுக்கு அம்மணி என்று பெயர். அம்மணிக்குக் குளிர்காலத்தில் ஆட்டுத்தோல் உறை. அம்மணி காரில் முன் இருக்கையில் பெல்ட் போட்டுக்கொண்டு வருவாள். கட்டிய மனைவி பின் இருக்கையில். அவன் வீட்டுப் புனிதரின் திருநாளன்று மேஜையில் மெழுகுவர்த்தி, ரொட்டி, திராட்சை மது எல்லாம் வைத்து, பக்கத்தில் அம்மணியையும் வைத்திருந்தான். பாதிரியார் துளசிக் கொத்தை முக்கித் தண்ணீர் தெளித்தபோது, ஓடிப்போய் இரண்டு உள்ளங்கையாலும் கண்ணாடியை மூடிக்கொண்டான். ஆசீர்வாதம் வேண்டுமாம், ஆனால் நனையக் கூடாதாம். பாதிரியார் அன்று ரொட்டியைக் கொஞ்சம் வேகமாகத்தான் வெட்டினார்.

இந்த லென்ஸை வைத்து அவன் ஒருதரம்கூட வாயைச் சுருக்கி எடுத்ததில்லை. நட்ட நடுப் பகலில், பனி கண்ணைக் கூச, இரண்டு புள்ளி எட்டு. ஆட்டு மந்தையை எடுத்தால் ஓர் ஆடு, மிச்சமெல்லாம் வெண்ணெய். அவன் மகளின் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் இடது கண்ணை அருமையாக எடுத்திருந்தான், பெண் வெண்ணெய்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. சிரிக்க முடியாத ஒன்று பிறகு வந்தது.

எங்கள் ஜாவோர்கா ஆற்றைக் குழாயில் போட ஒரு கம்பெனி வந்தது. எங்கள் ஊர்க் கல்பாலத்துக்குச் சற்று மேலே ஆற்றின் குறுக்கே அணை கட்டி, தண்ணீரை ஒரு ஆள் உயரக் குழாய்க்குள் தள்ளி, மலையடிவாரம் வரை கொண்டுபோய்க் கரண்டு எடுப்பார்களாம். நடுவில் இருக்கிற நாங்கள் கல்லைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். என் சாப்பாட்டுக் கடை பாலத்துக்குக் கொஞ்சம் கீழே, ஆற்றங்கரையில். ராதிசாவ் கையால் செய்த மேஜைகள் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு கிடக்கும். ஆற்று மீன்தான் என் வியாபாரம், ஆற்றுச் சத்தம்தான் என் தூக்கம். ஆறு போனால் கடை போகும். கடை போனால் நோவி சாத் நகரத்தில் என் மகள் வீட்டு ஐந்தாம் மாடி பால்கனியில் உட்கார்ந்து, எதிர் வீட்டுக்காரியின் துணி காய்வதை எண்ணிக்கொண்டு சாக வேண்டியதுதான்.

எங்களுக்கு வக்கீல் ஸோரானா. நீஷ் நகரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகும் சின்னப் பெண், ஆனால் வாய் கத்தி. அவள்தான் வழியைக் கண்டுபிடித்தாள்.

"அத்தை, அவங்க நிபுணர் எழுதின அறிக்கையில, பாலத்துப் பக்கம் நீர்நாயே கிடையாதுன்னு போட்டிருக்கு. இருந்தா கீழ, சமவெளியில இருக்கலாமாம்."

"எவன் அவன்? தினம் காலையில பாலத்துக்குக் கீழ குட்டியோட குதிக்குதே! என் மீன்பெட்டியைத் திறந்து தின்னுட்டுப் போகுதே!"

"அதைக் காட்டுங்க. நீர்நாய் இருக்கற இடத்துல சட்டப்படி அணை கட்ட முடியாது. நீர்நாய் தெரியணும், பின்னாடி பாலம் தெரியணும். பாலம் இல்லாட்டி, எந்த ஆத்து நீர்நாயோன்னு சொல்லிடுவாங்க. விசாரணைக்கு அந்தப் படம் வந்தா போதும், மத்ததை நான் பாத்துக்கறேன்."

என் போனில் எடுத்துப் பார்த்தேன். நீர்நாய் எறும்பு போல வந்தது. கிட்டே போனால் முழுகிவிடும். சுற்று வட்டாரத்தில் தூரத்து மிருகத்தைப் பிடிக்கிற லென்ஸ் ஒன்றே ஒன்றுதான். காரியம் ஆகவேண்டுமென்றால் கழுதையின் காலையும் பிடி என்பார்களே, பிடித்தேன்.

கழுதைக்குப் பெருமை தாங்கவில்லை. "கடைசியில அம்மணி வேணும், இல்ல?" என்றான்.

"வேணும். பின்னாடி பாலம் வேணும். கேட்டுச்சா? பாலம்."

"பாலம் நேர் பின்னாடி வர்ற மாதிரி உட்காருவேன். நான் என்ன சின்னப் பையனா?"

வெள்ளி முளைத்த நேரத்தில் போனோம். முக்காலி ஸ்டாண்டை நான் சுமந்தேன். அம்மணியை அவன் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தான், பிள்ளைக்கு ஏப்பம் வரவைக்கிறவன் போல. புதருக்குள் பச்சை வலையைக் கட்டி உட்கார்ந்தோம். எதிரே தட்டைப் பாறை. அதற்குப் பின்னால், ஒரு கல்லெறி தூரத்தில், இரண்டு வளைவுகளோடு எங்கள் பாலம். பேசாதே என்று என்னிடம் சொல்லிவிட்டு அவன் பேசிக்கொண்டே இருந்தான்.

பிறகு அது வந்தது. முதலில் தண்ணீரில் ஒரு கோடு. அப்புறம் பாறையில் ஏறி உடம்பை உதறியது. வாயில் துடிக்கிற மீன். பின்னாலேயே இரண்டு குட்டிகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு ஏறின. ஒன்று தாயின் முதுகிலேயே ஏறிவிட்டது. என் ஆறு பிழைத்துவிட்டது என்று நினைத்தேன். அந்த நிமிஷம் அந்த லென்ஸைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கச் சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேன்.

கேமரா சடசடவென்று சுட்டுத் தள்ளியது.

"பாலம் விழுதா?" என்று காதில் கேட்டேன்.

"ரெண்டு வளைவும் படச் சட்டத்துக்குள்ள இருக்கு."

"வாயைச் சுருக்கி ரெண்டு எடு."

"இந்த வெளிச்சத்துலயா? சும்மா இரு கூமா."

சரி, மங்கல்தான். ஆனால் கொஞ்ச நேரத்தில் வெயில் ஏறிப் பள்ளத்தாக்கு முழுக்கப் பளிச்சென்று ஆனது. நீர்நாய்கள் போகவில்லை; எங்களுக்காகவே சம்மதித்தது போல அந்தப் பாறையிலேயே உருண்டு கிடந்தன.

"இப்ப சுருக்கு. வெயில் வந்துடுச்சுல்ல?"

"வெயில்ல வெண்ணெய் இன்னும் பொன்னா வரும். உன் வேலையைப் பாரு."

முடிந்ததும் திரையைக் காட்டினான். படம் முழுதையும் காட்டவில்லை. நீர்நாயின் கண்ணை மட்டும் பெரிதாக்கிக் காட்டினான். "மீசையை எண்ணு. ஒவ்வொண்ணா எண்ணு" என்றான். பாலத்தைக் காட்டு என்றேன். "இருக்குன்னு சொல்றேன்ல, கூமை நம்ப மாட்டியா?" என்றான். கூமை நம்பவில்லை என்று எப்படிச் சொல்வது?

படத்தை ஸோரானாவுக்கு அனுப்பச் சொன்னேன். மாட்டானாம். அம்மணியின் படத்தைப் போனில் பார்ப்பது பாவமாம். நிறம் சரிசெய்து, விசாரணைக்கு அவனே நேரில் கொண்டுவந்து பெரிய திரையில்தான் திறப்பானாம். ஸோரானா போனில் "டாக்டர், பாலம் இருக்கா?" என்று கேட்டாள். "இருக்கு" என்றான். பொய் சொன்னான் என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். இருந்தது.

விசாரணை மண்டபம் நிறைந்திருந்தது. ஊரே கோயிலுக்குப் போகிற உடுப்பில் வந்திருந்தது. வூகாஷின் கழுத்தில் பட்டுத் துணி கட்டியிருந்தான். கம்பெனிக்கு ஒரு வக்கீல். ஒல்லி, மென்மையான குரல், நாற்காலியை இழுத்தால்கூடச் சத்தம் வராத மனிதர். விளக்கை அணைத்தார்கள். படம் திரையில் விழுந்தது.

ஐயோ, அழகு. அழகில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மீனின் செதிலில் வெயில். குட்டியின் மூக்கில் ஒரு சொட்டு நீர். மண்டபம் முழுக்க ஒரே மூச்சாக "அம்மாடி" என்றது. நானும் சொன்னேன்.

சொல்லி முடித்துப் பின்னால் பார்த்தேன். பின்னால் சாம்பலும் பொன்னும் குழைந்த ஒரு பூச்சு. சுவரா, மேகமா, பழைய போர்வையா, எதை வேண்டுமானாலும் சொல்லலாம். பாலம் என்று மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். ஸோரானாவின் முகம் வெளுத்துவிட்டது. அடுத்த படம், அடுத்த படம் என்று தட்டினாள். நீர்நாய், பூச்சு. நீர்நாய், பூச்சு.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை நான் கேட்டிருக்கிறேன். வெண்ணெயே தாழியை உடைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

அத்தோடு விட்டிருந்தால்கூட ஸோரானா எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். கம்பெனி வக்கீல் எழுந்தார். குறை ஒன்றும் சொல்லவில்லை. பாராட்டினார்.

"டாக்டர், இப்படி ஒரு படத்தை நான் வாழ்க்கையில பார்த்ததில்ல. பின்னாடி எவ்வளவு சுத்தமா இருக்கு! எப்படிச் செஞ்சீங்க?"

நான் பின்வரிசையிலிருந்து குடைக் காம்பால் வூகாஷினின் முதுகில் குத்தினேன். எருமைமாட்டின் மேல் மழை பெய்தது போல இருந்தான். எழுந்து, பட்டுத் துணியைச் சரிசெய்துகொண்டான்.

"நானூறு, இரண்டு புள்ளி எட்டு" என்றான். "சாதாரண லென்ஸ்ல பின்னாடி கல்லு, செடி, குப்பை எல்லாம் வந்து கண்ணைக் குத்தும். இதுல எல்லாம் வெண்ணெயா உருகிடும்."

"அப்போ பின்னாடி என்ன இருக்குன்னு யாராலும் அடையாளம் சொல்ல முடியாதுங்கறீங்க?"

"வாய்ப்பே இல்ல சார்! நீங்களே அடையாள அட்டையைத் தூக்கிப் பிடிச்சிட்டு அங்க நின்னாலும், பெத்த அம்மாவுக்கே தெரியாது!"

சிலர் சிரித்தார்கள். ஸோரானா இருமினாள், மேஜையைத் தட்டினாள். மூலையில் எழுத்தர் அம்மா டக்டக்கென்று தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

"இதைப் பதிவு பண்ணிக்கங்க" என்றார் வக்கீல், அதே பட்டுக் குரலில். "இந்த இடம் எதுன்னு யாராலும் சொல்ல முடியாதுன்னு எடுத்தவரே சொல்றார்."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. "இல்ல, இல்ல! இது ஜாவோர்கா! பாலத்துக்கிட்ட எடுத்தது! பாலம் பின்னாடி இருக்கு சார், ரெண்டு வளைவு!" என்று கத்தினான்.

"எங்க?"

திரையைப் பார்த்தான். அவனுக்கே தெரியவில்லை.

"நான் கூட இருந்தேன்! என் கண்ணால பார்த்தேன்!" என்று நான் எழுந்தேன்.

"நீங்க இவருக்கு என்ன உறவும்மா?"

வாய் வரைக்கும் வந்த வார்த்தையை விழுங்கப் பார்த்தேன். அந்த மடையன் எனக்கு முந்திக்கொண்டான். "என் கூமா சார், சத்தியமான பொம்பளை!" என்றான்.

மண்டபமே சிரித்தது. எங்கள் ஊர்க்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். கூமுக்காகக் கூம் சொல்வது எங்கள் நாட்டில் சாட்சியம் அல்ல, மரியாதை. அது விசாரணை நடத்திய அதிகாரிக்கும் தெரியும். அவருக்கும் கூம் இருப்பான். பேனாவை மூடி வைத்தார்.

வெண்ணெய், வெண்ணெய் என்று இத்தனை வருஷமாக அவன் படத்தைச் சொல்கிறான் என்று நினைத்திருந்தேன். தன்னைத்தான் சொல்லியிருக்கிறான்.

மறுநாளே மறுபடி எடுக்கிறேன் என்று ஓடினான். இந்தத் தடவை பதினாறில் எடுப்பானாம். அதற்குள் கம்பெனிக்கு அனுமதி உத்தரவு கிடைத்து, மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கிவிட்டன. அந்தச் சத்தத்தில் மீனே இல்லை. குட்டிகளை வைத்திருக்கிற தாய் நீர்நாய் அங்கே எதற்கு இருப்பாள்? வலைக்குள் தவம் கிடந்து, கல்லும் கல்லிடுக்குப் பாசியும் தெரிகிற மாதிரி பாலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தான். ஸோரானா மேல்முறையீடு செய்தாள். மேலே இருந்தவர்கள் அவன் சொன்னதாகத் தட்டச்சு செய்திருந்த வரியைப் படித்தார்கள், தள்ளுபடி செய்தார்கள்.

இப்போது ஆறு குழாயில் போகிறது. என் மேஜைகளுக்கு முன்னால் கல் கிடக்கிறது. கோடையில் கல் சூடேறி, ஆற்றங்கரையில் அடுப்படி வாடை வீசுகிறது. மீன் கிடையாது, அவரைக் கஞ்சியும் பன்றி வாட்டலும் போடுகிறேன். வழி தவறி வருகிறவர்கள் சாப்பிடுகிறார்கள். மகள் வாரா வாரம் போன் செய்து பால்கனியைப் பற்றிப் பேசுகிறாள். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. எத்தனை நாள் சொல்லாமல் இருக்க முடியும் என்று தெரியவில்லை.

நீர்நாய்ப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வூகாஷின் என் கடையில் கொண்டுவந்து மாட்டினான். கழற்றி எறியத்தான் நினைத்தேன். அந்தக் குட்டிகளின் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். அவன் இப்போதெல்லாம் அந்தப் படத்துக்கு அடியில்தான் உட்காருகிறான். கேமரா கொண்டுவருவதில்லை.

போன வாரம் பெல்கிரேடிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். படத்தைப் பார்த்து அந்தப் பெண் எழுந்தே நின்றுவிட்டாள்.

"எவ்வளவு அழகு! எந்த ஊர்ல எடுத்தது?"

"இங்கதாம்மா" என்றான் வூகாஷின். "இதே ஆத்துல."

அவள் ஜன்னல் வழியாகக் கல்லைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், இருவரும் மரியாதையாகப் புன்னகைத்தார்கள். கிழவனுக்கு ராக்கியா ஏறிவிட்டது என்கிற புன்னகை.

"நிஜம்மா! இதோ, பின்னாடி பாலம் இருக்கு பாருங்க!" அவன் நாற்காலியில் ஏறி, அந்தச் சாம்பல் பூச்சின் மேல் விரலால் வளைத்துக் காட்டினான். "இது ஒரு வளைவு. இது ரெண்டாவது. இந்தக் கருப்பு இருக்கே, அது நடுத்தூண். கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க, தெரியும்."

அவர்கள் தள்ளி நின்று பார்த்தார்கள். கண்ணைச் சுருக்கிக்கூடப் பார்த்தார்கள், பாவம்.

"தெரியலையே" என்றான் அந்தப் புருஷன்.

வூகாஷின் திரும்பி என்னைப் பார்த்தான். விரல் இன்னும் கண்ணாடியின் மேல் இருந்தது. அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. "கூமா, நீயாவது சொல்லு. பாலம் தெரியுதுல்ல?"

அந்தப் பாலத்தின் மேல்தான் மணப்பெண்ணாக நடந்து வந்தேன். எந்தக் கல் ஆடும், எந்தக் கல் மழையில் வழுக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டும் சொல்வேன். அந்தப் பூச்சில் அது எங்கே இருக்கிறது என்று அவனைவிட நன்றாகவே எனக்குத் தெரிந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியல, கூமே" என்று சொல்லிவிட்டு, அவர்களுக்குக் கஞ்சி எடுத்துவர உள்ளே போனேன்.